நாலு டிகிரி

நைட்ரஸ் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஸ்டியரிங்கில் இருக்கும் அந்தப் பட்டன்தான். 2001-இல் வந்த ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படம் செய்துவிட்டுப் போன வேலை. பட்டனை அமுக்கினால் தெருவிளக்கெல்லாம் கோடாக நீளும், ஹீரோ சீட்டோடு ஒட்டிக்கொள்வான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என்னைக் கேட்டால், பட்டனை அமுக்குகிற சுகம் சில விநாடிகளோடு சரி. அதற்கு முன்னால் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, டைமிங் லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, இக்னிஷனை நாலே நாலு டிகிரி பின்னால் தள்ளி வைக்கிற வேலை இருக்கிறதே, கார் சம்பந்தப்பட்ட எதிலும் அப்படியொரு ஆனந்தத்தை நான் கண்டதில்லை. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வண்டி 1991 ஃபோர்டு மஸ்டாங் எல்எக்ஸ். 5.0 லிட்டர் வி8, ஐந்து கியர் மேனுவல், டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும் ‘நாட்ச்பேக்’ உடம்பு. இதைச் செய்த டியர்போர்ன் ஊர் என் வீட்டிலிருந்து அரை மணி ஓட்டம். டெட்ராய்ட் பக்கத்தில் கார் கம்பெனி வேலைக்கு வந்து சேர்ந்த தமிழ் இன்ஜினியர்கள் நிறையப் பேர். வாரநாளில் கம்ப்யூட்டர் திரையில் கார் செய்துவிட்டு, சனிக்கிழமை கேம்ரியில் கோயிலுக்குப் போவோம். எனக்குக் கூடுதலாக இந்த ஒரு பைத்தியம். கம்பெனி கொடுத்த குதிரைசக்தி 225. இந்தக் காலத்துக்கு அது பெரிய எண் இல்லை. ஆனால் 1992 வரை வந்த இந்த எஞ்ஜின்களில் ஃபோர்ஜிங் செய்த பிஸ்டன் இருந்தது. 1993-இல் வேறு வகைக்கு மாற்றினார்கள். நைட்ரஸ் பைத்தியங்கள் பழைய 5.0 வண்டிகளைத் தேடி அலைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோயம்புத்தூர்க்கார நண்பர் ஒருவர், டிராய் நகரில் வேலை, என் கராஜுக்கு வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க மாப்ள, காசு குடுத்து கேஸ் வாங்கி நூறு குதிரைசக்தி ஏத்தறீங்க. அப்புறம் டைமிங்கைப் பின்னால தள்ளி இருக்கற பவரையும் குறைக்கறீங்க. என்னங்க கணக்கு இது?”

நியாயமான கேள்வி. அன்றைக்கு அவருக்குக் காபி ஆறிப்போகும் வரைக்கும் பதில் சொன்னேன்.

நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரிகிற சரக்கு இல்லை. அதன் எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன். நாம் மூச்சிழுக்கும் காற்றில் எடைக்கணக்குப்படி 23 சதவீதம்தான். சிலிண்டருக்குள் சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது உடைந்து அந்த ஆக்சிஜனை விடுவிக்கும். உடையும்போதே கொஞ்சம் வெப்பத்தையும் விடும். அந்த ஆக்சிஜனுக்கு ஏற்ற பெட்ரோலையும் கூடவே ஊற்றிக் கொடுத்தால் பவர். இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பலரும் கவனிக்காமல் விடுவது, இந்தக் கலவை வேகமாக எரிகிறது என்பதைத்தான்.

சாதாரணமாக, பிஸ்டன் உச்சிக்கு வந்து சேர்வதற்கு முன்பே ப்ளக் பொறி தட்டிவிடும். தீ பரவ நேரம் வேண்டுமே. பரவி, அழுத்தம் ஏறி, பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கி, கிராங்க் சுமார் 15 டிகிரி திரும்பியிருக்கும்போது அழுத்தம் உச்சத்தைத் தொட்டால் அதுதான் நல்ல அடி. ஊஞ்சல் ஆட்டுகிற மாதிரி: போய்த் திரும்பும் கணத்தில் தள்ளினால் விரலே போதும், நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் மணிக்கட்டு போய்விடும். நைட்ரஸ் கலந்தால் தீ சீக்கிரம் பரவுகிறது. பொறியைப் பழைய நேரத்திலேயே தட்டினால் அழுத்தம் உச்சத்துக்கு முன்கூட்டியே வந்துவிடும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும், தீ அதைக் கீழே அமுக்கும். அதனால் பொறியையே கொஞ்சம் தாமதப்படுத்துகிறோம். பவரைக் குறைக்கவில்லை மாப்ள, அடியை அதன் இடத்துக்குக் கொண்டுபோகிறோம் என்றேன். 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லிவிநாடியில் 36 டிகிரி சுற்றிவிடும். நாலு டிகிரி என்றால் ஒரு மில்லிவிநாடியில் ஒன்பதில் ஒரு பங்கு. அந்தச் சிட்டிகை நேரத்தை நம் கையால் திருத்துகிறோம் என்று நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கும்.

திருத்தாவிட்டால்? கலவையின் கடைசி மூலை, தீ போய்ச் சேர்வதற்குள் தானாகவே வெடிக்கும். நம்மூர் மெக்கானிக் ‘நாக் அடிக்குது’ என்பாரே, அதேதான். வெறும் பெட்ரோலில் அது சலங்கைச் சத்தத்தோடு எச்சரிக்கும், நாமும் காலை எடுத்துவிடலாம். நைட்ரஸில், முழு த்ராட்டிலில், சைலன்சர் கத்துகிற கத்தலில் ஒன்றும் காதில் விழாது. இந்த 5.0-வில் நாக் சென்சரும் கிடையாது. கணினி வந்து காப்பாற்றாது. பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும், இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட் போகும். ட்ராக்கில் ஒருவருடைய பிஸ்டனை வெளியே எடுத்துப் பார்த்தேன். எலி கடித்த பிஸ்கட் தோற்றது.

இந்தத் தொழிலில் உள்ளவர்கள் கைக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: கூட்டும் ஒவ்வொரு 50 குதிரைசக்திக்கும் 2 டிகிரி பின்னால். என் செட்டு 100. ஆக நாலு. கைக்கணக்கு என்பது தொடங்குகிற இடம்தான், முடிகிற இடம் இல்லை. முடிகிற இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு காரியம். இதைச் செய்யாமல் டைமிங் லைட்டைத் தொடவே கூடாது என்பேன். கிராங்கின் முன்னால் இருக்கும் பாலன்சர் சக்கரத்தில் டிகிரிக் கோடுகள் இருக்கின்றன அல்லவா, அவை உண்மை பேசுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்தச் சக்கரம் ஒரே இரும்பு இல்லை; உள்வளையம், வெளிவளையம், நடுவில் ரப்பர். முப்பது வருஷத்து ரப்பர் நைந்து வெளிவளையம் வழுக்கியிருக்கலாம். கோடு 10 என்று காட்டும், நிஜத்தில் 16-ஆக இருக்கும். கண் முன்னால் லைட் அடித்துப் பார்த்துத் திருப்தியோடு பானெட்டை மூடுவோம், எஞ்ஜின் போய்விடும். சோதிப்பது அழகான வேலை. முதல் சிலிண்டர் ப்ளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் ‘பிஸ்டன் ஸ்டாப்’ என்ற சிறிய இரும்புத் தடியைத் திருகுங்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கிராங்கைக் கையால் மெல்லத் திருப்பினால் பிஸ்டன் வந்து அதில் முட்டும். சக்கரத்தில் ஒரு கோடு போடுங்கள். எதிர்ப்பக்கம் திருப்புங்கள், மறுபடி முட்டும், இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவே பிஸ்டனின் உச்சி. சக்கரத்தின் பூஜ்யக் கோடு அங்கேயே இருந்தால் நம்பலாம். நான் இதை முதல் தடவை செய்து, பூஜ்யம் பூஜ்யத்தில் வந்து நின்றபோது கராஜில் தனியாகக் கை தட்டினேன். பிஸ்டன் ஸ்டாப்பின் விலை ஒரு நல்ல மதியச் சாப்பாட்டு விலைதான்.

இந்தச் சக்கரத்தில் ஒரு டிகிரி என்பது விளிம்பில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகையால் கோடுகளைத் துடைத்து, தேவையானதன் மேல் வெள்ளை பெயின்ட் தடவிக்கொள்கிறேன். கண்ணாடி போட்டவர்களுக்கு இது பெரிய உதவி.

பிறகு டைமிங். எஞ்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். இந்த ஃபோர்டில் ‘ஸ்பவுட்’ என்று ஒரு குட்டி இணைப்பான் டிஸ்ட்ரிபியூட்டர் வயரிலேயே இருக்கும். அதைப் பிடுங்கினால் கணினி டைமிங்கில் தலையிடாது. நாம் வைத்த அடிப்படை அளவு மட்டும் தெரியும். கம்பெனி சொன்ன அளவு உச்சிக்கு முன் 10 டிகிரி. லைட்டின் கிளிப்பை முதல் ப்ளக் வயரில் மாட்டி, பொத்தானை அழுத்தினால், ஒவ்வொரு பொறிக்கும் ஒரு மின்னல். ஓடுகிற சக்கரம் அப்படியே உறைந்து நிற்கிறது! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத மாயம். டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் இருக்கும் ஒற்றை போல்ட்டை அரைத் திருப்பு தளர்த்தி, உடம்பைக் கையால் லேசாக அசைத்தால் அந்த உறைந்த கோடு நகரும். கடிகாரச் சுற்றில் திருப்பினால் அட்வான்ஸ், எதிர்ச்சுற்றில் ரிட்டார்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று. அதனால் இங்கே ஒரு டிகிரி அசைத்தால் அங்கே இரண்டு. தலைமுடி அளவுதான் நகர்த்த வேண்டும். அம்பாசிடர் காலத்து மெக்கானிக்குகள் லைட் இல்லாமல் காதை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள். அவர்களுக்கு என் கும்பிடு. நைட்ரஸுக்கு மட்டும் காதை நம்பாதீர்கள்.

முடித்தபின் போல்ட்டை இறுக்கி, மறுபடி லைட் அடித்துப் பார்த்து, ஸ்பவுட்டைத் திரும்பச் செருக வேண்டும்.

இங்கே பல 5.0-காரர்கள் அடிப்படை டைமிங்கை 14-க்கு ஏற்றிக்கொள்கிறார்கள். காசில்லாமல் கிடைக்கும் பிக்கப். நைட்ரஸ் இல்லாத வண்டிக்கு, நல்ல பெட்ரோல் போட்டால், சரி. நான் 10-லேயே விட்டிருக்கிறேன். இங்கே கிடைக்கும் 93 ஆக்டேன் பிரீமியம் மட்டும் ஊற்றுகிறேன். இந்தியப் பம்புக் கணக்கில் அது சுமார் 98.

அடிப்படையையே 6-க்கு இறக்கி வைத்துவிட்டு ஓட்டினால் பாதுகாப்புதான், ஆனால் வண்டி எந்நேரமும் தூங்கும். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதற்கு எதற்கு அந்த மந்தம்? இதற்குத்தான் ரிட்டார்ட் பெட்டி. எம்எஸ்டி போன்ற கம்பெனிகள் விற்கும் இக்னிஷன் பெட்டியோடு இணைத்துக்கொள்ளலாம். நைட்ரஸ் வால்வுக்குப் போகும் அதே 12 வோல்ட் இதற்கும் வரும். வந்த கணமே பொறியை நாலு டிகிரி தள்ளும். நின்றால் திருப்பிக் கொடுத்துவிடும். என்ன ஒரு நாணயமான கருவி! அதைச் சோதிப்பதில்தான் என் பரமானந்தம். பாட்டில் வால்வு மூடியிருக்கும், சாலினாய்டு வயர்கள் கழற்றியிருக்கும், ஸ்பவுட் வெளியே. லைட் அடித்தால் 10. பெட்டியின் வயருக்கு மட்டும் 12 வோல்ட் கொடுத்தால் வெள்ளைக் கோடு ‘டக்’கென்று 6-க்குத் தாவுகிறது. எடுத்தால் 10. கொடுத்தால் 6. கோவை நண்பர் பார்த்துவிட்டு, “இன்னொருக்கா பண்ணுங்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெட்டியில் எழுதியிருக்கிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது. கோடு தாவுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

டைமிங் சரியாக இருந்தும் தவறான நேரத்தில் பொறி தட்டும் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. இந்த எஞ்ஜினில் பொறி தட்டும் வரிசை 1-3-7-2-6-5-4-8. ஆறும் ஐந்தும் அடுத்தடுத்துத் தட்டுகின்றன, எஞ்ஜினிலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டின் ப்ளக் வயர்களும் ஒட்டி நெடுந்தூரம் ஓடினால், ஆறின் வயரில் பாயும் மின்சாரம் ஐந்தின் வயரில் ஒரு குட்டிப் பொறியைத் தூண்டிவிடும். ஐந்துக்கு அது 90 டிகிரி முன்கூட்டி! நாலு டிகிரிக்கு இத்தனை பாடுபட்டுவிட்டு 90-ஐக் கோட்டை விடலாமா? அந்த இரண்டு வயர்களையும் தனித்தனிப் பாதையில் பிரித்துக் கட்டுங்கள். செலவு பூஜ்யம்.

ப்ளக்கும் மாற வேண்டும். கம்பெனி ப்ளக்கைவிட ஒரு படி குளிர்ச்சியானது. மோட்டார்கிராஃப்டில் 42-க்குப் பதில் 32. பொறி தாண்டும் இடைவெளி (கேப்) கம்பெனிக் கணக்கில் 54 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 54 பங்கு. நான் 35-க்குக் குறைத்தேன். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது அகலமான இடைவெளியில் பொறி அணைந்துபோகும். பிளாட்டினம் முனை வேண்டாம், சாதாரணத் தாமிரமே போதும்.

மற்ற பாதுகாப்புகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், டைமிங் மட்டும் தனியாக எஞ்ஜினைக் காப்பாற்றாது. மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பெட்ரோல் பம்ப். பெட்ரோல் அழுத்தம் விழுந்தால் நைட்ரஸை நிறுத்தும் ஸ்விட்ச். த்ராட்டில் முழுக்கத் திறந்தால் மட்டும் தொடும் இன்னொன்று. 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே நைட்ரஸைத் திறக்காத ‘விண்டோ ஸ்விட்ச்’: நைட்ரஸ் நேரக் கணக்கில் பாய்கிறது, எஞ்ஜின் மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு அடிக்கும் அளவுக்கு மீறிய பங்கு விழும். மேல் வரம்பையும் அதிலேயே வைத்து, ரெவ் லிமிட்டரில் முட்டுவதற்குள் நிறுத்திவிட வேண்டும். லிமிட்டர் பெட்ரோலை வெட்டும், நைட்ரஸ் வந்துகொண்டே இருக்கும், அதைவிடக் கொடுமை எஞ்ஜினுக்கு வேறில்லை.

பாட்டில் அழுத்தம் தனிக் கதை. உள்ளே இருப்பது திரவம். அழுத்தம் முழுக்க வெப்பத்தைப் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸில் சுமார் 740 பிஎஸ்ஐ. மிச்சிகன் குளிரில் பூஜ்யத்துக்கு வந்தால் 450. நாம் விரும்புவது 900-லிருந்து 950. அழுத்தம் ஏறினால் நைட்ரஸ் கூடும், பெட்ரோல் கூடாது, நம் நாலு டிகிரிக் கணக்கே பொய்யாகும். அதனால் அழுத்தம் பார்த்துத் தானே நிற்கும் மின்சார ஹீட்டர் போர்வை. கேஸ் டார்ச்சைப் பாட்டிலில் காட்டும் வீரர்கள் உண்டு. அவர்கள் பக்கத்தில் நான் வண்டி நிறுத்துவதில்லை.

தெருவில் ஓட்டும்போது பாட்டில் வால்வு மூடியே இருக்கும். திறப்பது மிலன் டிராக்வேயில் மட்டும். ஆன் ஆர்பருக்குத் தெற்கே இருக்கும் அந்த ஓட்டப்பாதையில் ‘டெஸ்ட் அண்ட் டியூன்’ இரவுகளில் யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியோடு வரலாம். பக்கத்து வரிசையில் தாத்தா ஒருவர் 1960-களின் செவர்லேயில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். கேட்டால் ப்ளக் பார்க்கக் கற்றுக்கொடுப்பார். நைட்ரஸுக்கு இந்த நாட்டில் ஒரு வில்லங்க வரலாறும் உண்டு. 1976 டேடோனா 500 கார் பந்தயத்தின் தகுதிச்சுற்றில் ஏ.ஜே. ஃபாய்ட், டேரல் வால்ட்ரிப் இருவரின் நேரங்களையும் நைட்ரஸ் காரணமாக ரத்து செய்தார்கள். இரண்டே வருஷம் கழித்து 1978-இல், மைக் தெர்மோஸும் டேல் வாஸ்னையனும் கலிஃபோர்னியாவில் ‘என்ஓஎஸ்’ கம்பெனியைத் தொடங்கி அதைப் பகிரங்கமாகவே விற்றார்கள். அமெரிக்கா!

ட்ராக்கில் என் முறை இது: கைக்கணக்கு நாலு என்றாலும் ரிட்டார்ட்டை ஆறில் வைத்துத் தொடங்குவேன். புது ப்ளக். ஒரு முழு ஓட்டம். கோட்டைத் தாண்டியதும் எஞ்ஜினை அணைத்துக் கிளட்சை மிதித்து உருண்டு ஒதுங்குவேன். ப்ளக்கைக் கழற்றி, பூதக்கண்ணாடியில் அதன் வளைந்த கம்பியைப் பார்க்க வேண்டும். சூடு பட்ட இடத்துக்கும் படாத இடத்துக்கும் நடுவே ஒரு நிறக்கோடு தெரியும். அது கம்பியின் நுனிப்பக்கம் இருந்தால் டைமிங் போதவில்லை. வளைவில் வந்து நின்றால் கச்சிதம். மரையை நோக்கி இறங்கிவிட்டால் அதிகம். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளியோ, மினுமினுக்கும் அலுமினியத் துணுக்கோ தெரிந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

இரண்டாவது சாட்சி, கடைசிக் கோட்டில் காட்டும் வேகம். நேரம் டயரையும் கிளட்சையும் பொறுத்து ஏமாற்றும். வேகம் எஞ்ஜினின் பலத்தைச் சொல்லும். ஆறிலிருந்து ஐந்துக்கு வந்தபோது வேகம் ஏறியது, ப்ளக் சுத்தம். நாலில் இன்னும் ஏறியது. நிறக்கோடு வளைவில் வந்து உட்கார்ந்தது. மூன்றுக்குப் போனேன். வேகம் அசையவே இல்லை, கோடு மட்டும் மரைப்பக்கம் நகர்ந்திருந்தது. எஞ்ஜின் இதைவிடத் தெளிவாக எப்படிப் பேசும்? எதுவும் கூடுதலாகத் தராமல் ஆபத்தை மட்டும் கேட்கிற டிகிரி அது. மறுபடி நாலு.

அந்த நாலில் ஓட்டும்போது வண்டி என்ன செய்கிறது தெரியுமா? இரண்டாவது கியரில் முள் 3000-ஐத் தாண்டியதும் உதைப்பது இல்லை, நடுங்குவது இல்லை. முதுகை யாரோ முழுக் கையால் ஏந்தி ஒரே இழுவையாக இழுத்துக்கொண்டு போகிறார்கள், 5500 வரைக்கும் சுருதி மாறாமல். அவசரமாக டைமிங் வைத்த வண்டிகள் நைட்ரஸில் அதட்டும், முறைக்கும். இது பாடுகிறது. மூன்றாவது கியர் போடும்போது நான் ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருப்பேன், எனக்கே தெரியாமல்.

அடுத்த சீசனுக்கு 125 குதிரைசக்தி கூட்டும் ஜெட் வாங்கி வைத்திருக்கிறேன். கணக்குப்படி ஐந்து டிகிரி. ஆகவே ஏழில் தொடங்குவேன். அதற்குமேல் ஆசைப்பட மாட்டேன், இந்த 302 கியூபிக் இன்ச் பிளாக் சுமார் 500 குதிரைசக்திப் பக்கம் போனால் நடுவில் பிளந்துகொள்ளும் என்பது ஊரறிந்த விஷயம். கோவை நண்பர் தனக்கும் ஒரு நாட்ச்பேக் தேடிக்கொண்டிருக்கிறார். வண்டி இன்னும் கிடைக்கவில்லை. டைமிங் லைட்டை மட்டும் வாங்கிவிட்டார்.